முகூர்த்தத்துக்கு ஒரு மூக்கு

"பயப்படாதீங்க. உங்க மூக்கு முகூர்த்தம் வரைக்கும் முழுசா இருக்கும்."

படம் பிடிப்பவர்களுக்காக இருவரும் முஷ்டியை உயர்த்தி நேருக்கு நேர் நின்றுகொண்டிருந்தபோதுதான், உதடு அசைவது தெரியாமல் அன்புச்செல்வி இதைச் சொன்னாள். சேலத்து ஓட்டல் ஒன்றின் விருந்து அறை அது. மறுநாள் மாலை குத்துச்சண்டையில் மோதப்போகிறவர்களுக்கு எடை பார்த்து முடித்திருந்தார்கள். போட்டிக்கு முந்தின நாள் எதிராளியை வாயால் சீண்டிப் பார்ப்பது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். மோகனப்பிரியா அதற்கெல்லாம் பழகியவள். ஆனால் செல்வியின் கண்ணில் சீண்டல் இல்லை. சாப்பாட்டில் முடி கிடந்ததைப் பார்க்கிறவளின் முகம் அது.

தை மாதத்தில் தனக்குக் கல்யாணம் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? மோகனப்பிரியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படம் எடுத்து முடித்ததும் செல்வியின் பின்னாலேயே போய், படிக்கட்டருகே வழிமறித்தாள்.

"என்னமோ சொன்னீங்களே, என்ன அது?"

"உங்கப்பாகிட்டக் கேளுங்க."

"நான் உங்களத்தான் கேக்கறேன்."

செல்வி தோள்பையை இறக்கி வைத்தாள். "சரி, கேட்டுக்குங்க. போன வாரம் உங்கப்பா பெரிய கார்ல ஜலகண்டாபுரத்துல இருக்கற எங்க ஊட்டுக்கு வந்தாரு. பொண்ணுக்குக் கல்யாணம், அழைக்க வந்தேன்னு சொல்லி எங்கம்மா முன்னால தட்டு வெச்சாரு. வெத்தலை பாக்கு, பழம், ஒரு பட்டுச்சேலை. தறி ஓடற ஊட்டுக்குச் சேலை எடுத்துட்டு வந்த மொத மனுசன் உங்கப்பாதாங்க. எங்கம்மா என்ன பண்ணும்? எதிர்த்து ஆடற பொண்ணா இருந்தாலும் மொறை தெரிஞ்சு கூப்புட வந்திருக்காங்களேன்னு சந்தோசமா வாங்கிக்கிச்சு. வாங்கின பெறகுதான் சொல்றாரு, 'மணவறையில பொண்ணு மொகம் பாக்கற மாதிரி இருக்கோணுமுங்க, உங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையுங்க'ன்னு."

மோகனப்பிரியாவின் காது மடல் சூடேறியது.

"அதனால?"

"அதனால என்ன? வெத்தலை பாக்கு கை மாறிப்போச்சு. எங்கம்மா கையால வாங்கினத நான் பொய்யாக்க முடியுமா? மூஞ்சியில அடிக்க மாட்டேன். வயிறு இருக்குது, விலா இருக்குது, அங்க பாத்துக்கறேன்." பையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டாள். "நல்லா ஜெயிச்சுட்டு, நல்லாக் கல்யாணம் பண்ணிக்குங்க."

அந்தப் பக்கத்து ஊர்களில் வெற்றிலை பாக்கோடு வைத்த தட்டைக் கையில் வாங்கிவிட்டால் வார்த்தை கொடுத்ததாகத்தான் அர்த்தம். சம்பந்தம் பேசினாலும் நிலம் பேசினாலும் அப்படியே. பத்திரம்கூடப் பிறகு வந்து சேரும். தட்டை வாங்கியவள் தானாக வார்த்தையை மீறினால் அது அந்த வீட்டுக்கே இழுக்கு. வைத்தவரே வந்து திருப்பி எடுத்துக்கொண்டால்தான் கட்டு அவிழும். மோகனப்பிரியாவின் அப்பா முருகானந்தத்துக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

முருகானந்தத்துக்குப் புதுச்சத்திரம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைகள். சொந்தத்தில் தீவன ஆலை. நாமக்கல்லில் அவர் பெயரைச் சொன்னால் முட்டை வியாபாரிகள் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண், இன்ஜினியரிங் படிக்கும்போது உடம்பு இளைக்க வேண்டும் என்று குத்துச்சண்டை வகுப்புக்குப் போய், கடைசியில் அதையே தொழிலாக்கிக்கொண்டாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? "சோத்துக்கு இல்லாதவன் அடி வாங்கறான், சரி. உனக்கென்ன தலையெழுத்தா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பயிற்சிக்கூடத்திலோ வேறு பேச்சு. பசித்தவன் கையில்தான் குத்து இருக்கும், பால் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு அது வராது என்பார்கள். இரண்டு பக்கமும் அவளைப் பசி என்ற ஒரே அளவுகோலால்தான் அளந்தார்கள். பண்ணையில் வேலைக்கு ஆள் தேடும்போது மட்டும் இவர்களில் யாரும் பசியை ஒரு தகுதியாகக் கேட்பதில்லை!

நாளைய போட்டிக்கு ஏற்பாட்டாளர் ஒட்டியிருந்த சுவரொட்டியிலும் அதே பாட்டுத்தான். 'பசிக்கும் பணத்துக்கும் போட்டி.' பசி, செல்வியின் படத்துக்குக் கீழே. பணம், இவள் படத்துக்குக் கீழே. இந்தப் பேச்சையெல்லாம் அவள் வாயால் மறுத்ததே இல்லை. ஐந்து தொழில்முறைப் போட்டி, ஐந்திலும் வெற்றி. அதைவிட என்ன பதில் வேண்டும் என்று இருந்தாள்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் முருகானந்தம் காத்துக்கொண்டிருந்தார். எடைக்காக இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத மகளுக்கு வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்திருந்தார். கார் டிக்கியைத் திறந்து, தூக்குச்சட்டியின் அடுக்குகளைப் பிரித்து வைத்திருந்தார்.

"வா சாமி. நாட்டுக்கோழி ரசம், சூடா இருக்குது. அம்மா மூணு தடவ போன் பண்ணிட்டா."

"ஜலகண்டாபுரம் போனீங்களா?"

கரண்டி அப்படியே நின்றது.

"போனீங்களா, இல்லீங்களா?"

"அது ஒரு மொறைக்கு..."

"எந்த மொறைங்கப்பா? என்ற கல்யாணத்துக்கு எங்க பெரியம்மாவுக்கே இன்னும் பத்திரிகை வெக்கல. பத்திரிகையே இன்னும் அடிக்கல!"

அங்கே கார் எடுக்க வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். முருகானந்தம் குரலைத் தணித்தார். "மெதுவாப் பேசு அம்மிணி. நான் என்ன அந்தப் பொண்ணத் தோத்துப் போவச் சொன்னனா? தாராளமாச் சண்டை போடட்டும். மொகத்துல மட்டும் வேண்டாமுன்னு சொன்னேன். ஒடம்பு பூராவும் இருக்குதில்ல?"

மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

"பண்ணையில குஞ்சுக்கெல்லாம் எதுக்குங்கப்பா மூக்கு வெட்டறோம்?"

"அது... ஒண்ண ஒண்ணு கொத்திக்கக் கூடாதுன்னு."

"அதத்தான் பண்ணியிருக்கீங்க. அந்தப் பொண்ணுக்கு மூக்கு வெட்டி என்ற முன்னால நிறுத்தப் பாத்தீங்க. அவள நான் ஜெயிச்சா அது ஜெயிப்பா? கூண்டுக்குள்ள கோழி மேய்க்கறதா?"

"பெத்தவன் பயம் உனக்குத் தெரியாது. நாளைக்கு உனக்கொண்ணு பொறக்கட்டும், அப்பத் தெரியும்." அவர் கண் கலங்கியது. இன்னொரு நாளாக இருந்தால் அந்தக் கண்ணீருக்கு அவள் இளகியிருப்பாள். அப்பாவின் செல்லம்தான் அவள். முதல் போட்டிக்கு வீட்டில் எல்லாரும் எதிர்த்தபோது டெல்லிக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அதை நினைத்தபோதே, கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது.

"இதுக்கு முந்தி?"

"என்ன முந்தி?"

"இதுக்கு முந்தி அஞ்சு பேரோட ஆடியிருக்கேன். எத்தனை வீட்டுக்குப் போனீங்க?"

"டெல்லியில ஆடின ஹரியானாக்காரி வீட்டுக்கு நான் தட்டு தூக்கிட்டுப் போவேனா? பாஷை தெரியுமா எனக்கு?"

"நான் ஹரியானாவக் கேக்கல."

அவர் தூக்குச்சட்டியை மூடினார். ஒவ்வொரு அடுக்காக, ரொம்ப கவனமாக மூடினார். அந்தக் கவனமே அவளுக்குப் பதிலைச் சொல்லிவிட்டது.

"பள்ளிபாளையம்," என்றார். "வெண்ணிலா ஊட்டுக்கு மட்டும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு அழைக்கப் போன சாக்குல தட்டு வெச்சு... அவங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை. அப்ப உன்னைப் பொண்ணு பாக்க வரப்போறாங்கன்னு இருந்துச்சு சாமி."

வெண்ணிலா! கோயம்புத்தூரில் நடந்த அந்தப் போட்டியைத்தான் மோகனப்பிரியா தனக்குள் அடிக்கடி ஓட்டிப் பார்ப்பாள். அன்றுதான் தான் ஒரு குத்துச்சண்டை வீராங்கனை என்று அவளுக்கே நம்பிக்கை வந்தது. வெண்ணிலாவின் குத்துகளெல்லாம் தோளிலும் முழங்கையிலும் பட்டுச் சிதறின. "உன் தடுப்பு கோட்டைச் சுவர் மாதிரி ஆயிடுச்சு பிரியா," என்று பயிற்சியாளர் நந்தகுமார் மாஸ்டர் வாய் நிறையச் சொன்னார். அயோத்தியாப்பட்டணத்துப் பயிற்சிக்கூடத்தில் அன்றைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டியும் வைத்திருக்கிறார்கள். கோட்டையுமில்லை, சுவருமில்லை. எதிரில் நின்றவள் தன் அம்மாவின் வார்த்தைக்காக அவள் முகத்தை விட்டுவைத்திருக்கிறாள். தோற்றுப்போய் இறங்கும்போது வெண்ணிலா கை குலுக்காமல் போனதும், 'தோல்வியைத் தாங்கத் தெரியாதவள்' என்று தான் அதை நாலு பேரிடம் சொல்லித் திரிந்ததும் இப்போது நினைவுக்கு வந்தன. அடி வாங்காத முகம் பற்றி எரிந்தது.

"வண்டியில ஏறுங்கப்பா."

"எங்க?"

"ஜலகண்டாபுரம். நீங்க வெச்ச தட்ட நீங்களே எடுத்துட்டு வாரீங்க."

"அசிங்கம் அம்மிணி! வெச்ச தட்ட எவனாவது திருப்பி எடுப்பானா? என்ற மரியாதை என்னத்துக்கு ஆவறது?"

"என்ற மரியாதை பள்ளிபாளையத்துலயே போயிருச்சு. அதனால பரவால்ல, ஏறுங்க."

அவளே ஓட்டினாள்.  தாரமங்கலம் தாண்டியதும் முருகானந்தம் ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டாரின் கௌரவம், திருச்செங்கோட்டில் அவர்களுக்கு இருக்கிற பேர், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டித் தொழிலில் பெரிய கை, மூக்கு உடைந்த மருமகளை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். மோகனப்பிரியா வண்டியை ஓரங்கட்டி, தனக்கு நிச்சயித்திருந்த ஈஸ்வரைக் கூப்பிட்டு, அப்பா காதில் விழும்படி போனை நடுவில் வைத்தாள்.

"உங்க வீட்டுல யாராச்சும் என்ற மூக்கப் பத்திக் கேட்டாங்களா?"

"மூக்கா?" ஈஸ்வர் திகைத்தான். "மூக்குத்தி எந்தப் பக்கம்னு அம்மா கேட்டாங்க, செட்டு எடுக்கறதுக்கு. ஏன் பிரியா, என்னாச்சு?"

நடந்ததைச் சொன்னாள். 

"மாமா பக்கத்துல இருக்காருங்களா?" என்று கேட்டான் ஈஸ்வர். "மாமா, நாங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு இவளுக்கு ஒரு கண்ணு வீங்கி மூடியே இருந்துச்சுங்க. பயிற்சியில பட்டதுன்னு சொன்னா. இன்னொரு கண்ணால என்னை மொறைச்சுட்டுக் காப்பி குடுத்தா. எங்க வீட்டுல அந்தப் பொண்ணத்தானுங்க பேசி முடிச்சோம். எங்க பேரைச் சொல்லி இதெல்லாம் பண்ணாதீங்க மாமா. எனக்கே கோவம் வருது."

முருகானந்தம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மோகனப்பிரியா மறுபடி வண்டியை எடுத்தாள். கோபத்துக்கு நடுவிலும் அந்த முறைத்த கண்ணை அவன் மறக்காமல் வைத்திருப்பது அவளுக்கு இனித்தது. ஆனால் அதை இப்போது ருசிக்கிற நிலையில் அவள் இல்லை.

செல்வியின் வீட்டு மாடியில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. கதவைத் திறந்த செல்வியின் அம்மா தெய்வநாயகி, முருகானந்தத்தைப் பார்த்ததும் முகத்தை இறுக்கினாள். ஆனாலும் வீடு தேடி வந்தவர்களை, "வாங்க" என்று சொல்லாமல் இருக்கவில்லை. மாடிக்குக் குரல் கொடுத்துத் தறியை நிறுத்தச் சொன்னாள். சத்தம் நின்றதும் வீடு பெரிதானது போலிருந்தது. செல்வி உள்ளறையிலிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"சொல்லுங்கப்பா," என்றாள் மோகனப்பிரியா.

முருகானந்தம் தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு நான் பேசினது... பொண்ணப் பெத்த பயத்துல... நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. தட்டு இருக்கட்டும், கல்யாணத்துக்கு வெச்சதுன்னே நெனச்சுக்குங்க. மொகத்தைப் பத்திப் பேசினத மட்டும் மறந்துருங்க."

"அதெப்புடீங்க?" தெய்வநாயகியின் குரல் உயரவில்லை, ஆனால் அழுத்தமாக விழுந்தது. "பாதி வார்த்தையத் திருப்பி எடுத்துட்டுப் பாதிய வெச்சுட்டுப் போறது எந்த ஊரு மொறை? ஊடு தேடி வந்த மனுசன்னு தண்ணி குடுத்தேன். கல்யாணம்னு சொன்னீங்க, கண்ணு நெறைஞ்சு வாங்கினேன். வாங்கினதுக்கப்பறம் சொல்றீங்க, என்ற பொண்ணு கையக் கட்டிப்போடுங்கன்னு. மொதல்லயே சொல்லியிருந்தா நான் வாங்கியிருப்பனா? என்ற புள்ள நாலு வருசமா விடியால எந்திரிச்சு மேட்டூர் ரோட்டுல ஓடறா. உங்க பொண்ணுக்கு ஒரு மூக்குன்னா என்ற பொண்ணுக்கு ஒரு பொழப்பு இல்லீங்களா?"

முருகானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் இப்படிப் பேசக்கூடியவர்கள் நாமக்கல்லில் யாரும் இல்லை. மகளும் பக்கத்தில் நின்றாளே தவிரக் குறுக்கே வரவில்லை.

"அம்மா சாமி, தட்டைக் கொண்டாங்க," என்றார் கடைசியில். "வெச்சவனே எடுத்துக்கறேன்."

தெய்வநாயகி தட்டைக் கொண்டுவந்தாள். பட்டுச்சேலை பிரிக்கப்படவில்லை. வாழைப்பழம் மட்டும் புதுசு. "நீங்க வெச்ச பழம் கனிஞ்சு போச்சுங்க. பக்கத்தூட்டுக் கொழந்தைங்களுக்குக் குடுத்துட்டேன். கொறையாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு வேற வாங்கி வெச்சிருக்கேன்." அவளாகவே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துத்தான் வாங்கியிருக்கிறாள். மகள்தான், கொடுத்தது கொடுத்ததுதான் என்று தடுத்துவிட்டாளாம்.

முருகானந்தம் குனிந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

"பத்திரிகை அடிச்சதும் வேற தட்டு எடுத்துட்டு வாங்க," என்றாள் தெய்வநாயகி. "மூக்கப் பத்திப் பேசாமக் கூப்புடுங்க. குடும்பத்தோட வாரோம்."

வாசல் வரை வந்த செல்வி, மோகனப்பிரியாவிடம் மட்டும் கேட்கும்படி சொன்னாள். "வலது கைய மேல வெச்சுக்குங்க. உங்க கோயம்புத்தூர் வீடியோ பாத்திருக்கேன். இடதை நீட்டும்போதெல்லாம் வலது கன்னம் வாசல் தொறந்து கெடக்குது. அந்தப் பொண்ணு ஏன் அடிக்காம உட்டான்னு எனக்கு அப்பப் புரியல."

இப்போது இருவருக்கும் புரிந்திருந்தது.

மறுநாள் மாலை மண்டபம் நிரம்பியிருந்தது. கல்யாணங்கள் நடக்கிற அதே மண்டபம்தான். மணவறை போடுகிற இடத்தில் குத்துச்சண்டை வளையம் போட்டிருந்தார்கள். காலையிலேயே நந்தகுமார் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. அவர் கோயம்புத்தூர் வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தார். "நானும் ஏமாந்துட்டேன் பிரியா. தப்பை நல்லதுன்னு சொல்லி ஒரு வருஷம் வளத்துவிட்டுட்டேன். ஒரு நாளைல இதைத் திருத்த முடியாது. ஞாபகம் வெச்சுக்க, அவ்வளவுதான்."

அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் முழங்கினார். "நாமக்கல்லின் சிங்கப்பெண்! ஐந்து போட்டி, ஐந்திலும் வெற்றி!"

மோகனப்பிரியா வளையத்தைக் குறுக்கே கடந்து அவரிடம் போனாள். "நாலுன்னு சொல்லுங்க."

"என்னம்மா?"

"நாலு வெற்றி. கோயம்புத்தூர்ல ஜெயிச்சது எனக்குச் சேராது."

"சீட்டுல அஞ்சுன்னுதாம்மா இருக்கு."

"நான் சொல்றேங்க, நாலு!"

அவர் குழம்பிப்போய், "வெற்றி மேல் வெற்றி கண்ட மோகனப்பிரியா" என்று சமாளித்துவிட்டு இறங்கினார். அதற்குமேல் அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை. மணி அடித்துவிட்டது.

முதல் குத்து மூக்கின் மேலேயே விழுந்தது.

வலி என்று சொன்னால் போதாது. கண் முன்னால் மண்டபத்து விளக்கெல்லாம் ஒரு தடவை அணைந்து எரிந்தன. ஆனால் அந்த ஒரு குத்தில் அவளுக்கு ஒரு நிம்மதியும் வந்தது. செல்வி எதையும் மிச்சம் வைக்கவில்லை. மோகனப்பிரியாவும் வைக்கவில்லை. முதல் சுற்றின் முடிவில் செல்வியின் உதடு கிழிந்திருந்தது. இரண்டாவது சுற்றில் செல்வி திணறினாள். கயிற்றோரம் அவளை ஒதுக்கி விலாவில் இவள் கொடுத்த குத்துகளுக்கு மண்டபமே எழுந்து நின்றது. மூன்றாவதில் மோகனப்பிரியா இடது கையை நீட்டினாள். வலது கை, ஒரு வருஷப் பழக்கம், கன்னத்தைவிட்டு இறங்கியது. திறந்து கிடந்த வாசல் வழியாகச் செல்வியின் குத்து வந்தது. மோகனப்பிரியா தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்படி உட்கார்ந்தோம் என்பதே நினைவில்லை.

நடுவர் எண்ண ஆரம்பித்தார். அதையும் மீறி அவளுக்கு ஒரு குரல் கேட்டது. "நிறுத்துங்கய்யா! போதும், நிறுத்துங்க!" முருகானந்தம் முன்வரிசையிலிருந்து பாய்ந்து வந்து, நந்தகுமார் மாஸ்டரின் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். துண்டு வளையத்துக்குள் விழுந்தால் போட்டி முடிந்தது என்று அர்த்தம். மாஸ்டர் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மோகனப்பிரியா எழுந்தாள். நிமிர்ந்து நின்று கையுறையை உயர்த்திக் காட்டினாள். நடுவர் கண்ணைப் பார்த்து, தொடரலாம் என்றார். சுற்று முடிந்து மூலைக்கு வந்தவள், பல்லுறையைத் துப்பிவிட்டு, கயிற்றுக்கு வெளியே நின்ற அப்பாவிடம் குனிந்தாள்.

"அந்தத் துண்ட இன்னொருக்காத் தொட்டீங்கன்னா தாலி கட்டற அன்னிக்கு நீங்க ஒருத்தராத்தான் மண்டபத்துல உக்காந்திருப்பீங்க. போய் உங்க எடத்துல உக்காருங்கப்பா."

"ரத்தம் சாமி..."

"என்ற ரத்தம். உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார். கடைசி வரை எழுந்திருக்கவில்லை. முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை. மகள் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆறு சுற்றும் முடிந்தன. மதிப்பெண் போட்ட மூன்று நடுவர்களும் செல்வியின் பெயரையே சொன்னார்கள். சரியான தீர்ப்பு. மோகனப்பிரியாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. வளையத்தின் நடுவே இருவரும் கட்டிக்கொண்டபோது, செல்வியின் வியர்வையும் இவளுடைய ரத்தமும் ஒன்றாகி வழிந்தன.

அப்போதுதான் அந்த ஏற்பாட்டாளர் ஒலிவாங்கியோடு வந்தார். "பார்த்தீங்களா மக்களே! பணம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். பசிதான் ஜெயிக்கும்! சொல்லும்மா செல்வி, உன் வறுமைதானே உன்னை..."

"எந்த வறுமைங்க?" கிழிந்த உதட்டோடு செல்வி கேட்டாள். "எங்க ஊட்டுல ஆறு தறி ஓடுது. காலைல இட்லி, மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். போஸ்டர் அடிக்கறதுக்கு முந்தி எங்களைக் கேட்டீங்களா? நான் நல்லாக் கத்துக்கிட்டு ஜெயிச்சேன். பசிச்சு ஜெயிக்கல!"

கூட்டம் சிரித்தது. ஏற்பாட்டாளரும் சிரிப்பது போல் வாயை வைத்துக்கொண்டார். ஆனால் படியிறங்கும்போது மோகனப்பிரியாவின் காதில் விழும்படி ஒருவன், "அப்பவே சொன்னேன், சொகுசா வளந்த பொண்ணுக்கு இதெல்லாம் ஆவாதுன்னு," என்றான். அவள் நின்றாள். பல் உடையாமல் இருக்கிற இந்த மனிதனுக்கு என்ன சொல்வது? தோற்றால் சொகுசு, ஜெயித்தால் அப்பன் காசு. இரண்டாவதில் மட்டும், கோயம்புத்தூர் வெற்றியால், இன்னும் ஒரு பாதி உண்மை மிச்சம் இருந்தது. அதை முதலில் தீர்க்க வேண்டும்.

உடை மாற்றும் அறையில் ஈஸ்வர் பனிக்கட்டிப் பையோடு நின்றிருந்தான். அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மூக்குத்தி செட்டு கொஞ்சம் பெரிய சைஸாச் சொல்லிடறேன்," என்றான். அவள் சிரித்தாள். சிரித்ததில் மூக்கு வலித்து உயிர் போனது.

"சிரிக்க வெக்காதீங்க, வலிக்குது."

முருகானந்தம் கதவருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரே மாலையில் பத்து வயது கூடினவராகத் தெரிந்தார். "என்ன திட்டு வேணும்னாலும் திட்டு அம்மிணி. பேசாம மட்டும் இருக்காத."

"திட்டி முடிச்சுட்டேங்கப்பா. ஒரு போன் பாக்கி இருக்குது."

"யாருக்கு?"

"வெண்ணிலாவுக்கு. மறுபடி ஆடலாமான்னு கேக்கோணும். எங்க சொல்றாளோ அங்க, பள்ளிபாளையத்துலயே ஆனாலும் சரி."

"சரி சாமி, பேசு. கேளு."

"அத நான் அப்பறம் கேக்கறேன். மொதல்ல அவ வீட்டுக்குப் போய் என்ன பண்ணினீங்கன்னு நீங்க சொல்லோணும். என்ற வாயால சொன்னா அது எனக்காகச் சொன்னது மாதிரி ஆயிரும்."

எண்ணைத் தேடி எடுத்து, அழைப்பை அழுத்தி, போனை அவர் உள்ளங்கையில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போய்விடட்டும் என்று அவர் வேண்டிக்கொள்வது முகத்தில் தெரிந்தது. வெண்ணிலா எடுத்தாள்.

"யாருங்க?"

"நான்... நாமக்கல் முருகானந்தம் பேசறேனுங்க. மோகனப்பிரியாவோட அப்பா."

 வெண்ணிலா போனை வைத்துவிடவில்லை. முருகானந்தம் நிமிர்ந்து மகளைப் பார்த்தார், ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க மாட்டாளா என்று. அவள் பனிக்கட்டிப் பையை மூக்கில் அழுத்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை.

"அம்மா," என்று அவர் தானாகவே ஆரம்பித்தார். "உங்க ஊட்டுக்கு வந்து நான் ஒரு தப்புப் பண்ணினேனுங்க..."